அப்பாருவின் தீர்த்தக் காவடி

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சள் வேலை ஒருவாறு ஓய்ந்துவிடும். வெட்டியெடுத்த கிழங்கை வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகேற்றி, மூட்டை பிடித்து ஈரோட்டு மண்டிக்கு அனுப்பிவிட்டால் ஒரு வெள்ளாமை முடிந்தது. அடுத்த நடவு வைகாசிக்கு மேல்தான். இந்த இடைவெளியில் பங்குனி உத்திரம் வருகிறது. கொடுமுடியில் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொண்டு தீர்த்தக் காவடிகள் பழனிக்குக் கிளம்புவதும் அப்போதுதான். பஞ்சாங்கக்காரர்கள் நட்சத்திரம் பார்த்து வைத்த நாள் என்பார்கள். எனக்கோ, குடியானவனுக்கு எப்போது ஒழியும் என்று பார்த்து வைத்த நாளாகவே தோன்றுகிறது.

என் அப்பாவின் அப்பாவை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். ஆண்டு முழுவதும் அவர் எடுத்துக்கொண்ட விடுப்பு இந்தப் பழனி நடை ஒன்றுதான். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பவானியில் புறப்பட்டு வளைந்து நெளிந்து கொடுமுடிப் பக்கம் வரைக்கும் வரும் அந்த வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. வெட்டிய காலிங்கராயன், தன் சொந்த லாபத்துக்காகச் செய்தான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென, தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சபதம் செய்து பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. அப்பாரு இதைச் சொல்லாத நாள் குறைவு. வரப்புத் தகராறு என்று யாராவது வந்தால் தீர்ப்புக்கு முன்னால் இந்தக் கதை ஒருமுறை வரும். வந்தவர்கள் கதை முடியும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் சமாதானமாகிப் போனதும் உண்டு.

மஞ்சளுக்கு எட்டு ஒன்பது மாதம் தண்ணீர் காட்ட வேண்டும். முறைத் தண்ணீர் பெரும்பாலும் நடுச்சாமத்தில்தான் வரும். அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக அவர் இறங்கிப் போவதைத் திண்ணையில் படுத்தபடி பார்த்திருக்கிறேன். காலையில் நாங்கள் எழும்போது, சேறு கழுவிய காலோடு ஆத்தாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, அடுப்பு மூட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அவருடைய தகப்பனார் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். தங்கைகள் மூன்று பேரையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தாராம். இதை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆத்தாதான், கொஞ்சம் குறையாகவும் நிறையப் பெருமையாகவும் சொல்வாள்.

அப்பாரு காலமான வருடம் எங்கள் வீட்டுக் காவடி கிளம்பவில்லை. தலைத்திவசம் கழியாமல் மலையேறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அட்டாலியில் கிடந்த காவடியை இந்த வருடம்தான் இறக்கினோம். மூங்கில் தண்டில் தோள் படுகிற இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. செம்புக் கலசங்களை ஆத்தா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

கொடுமுடியில் படித்துறையை ஒட்டிய தண்ணீர் கலங்கலாக இருந்ததால், அப்பாவும் சித்தப்பாவும் பாறைகளைத் தாண்டி ஓட்டம் உள்ள இடத்துக்குப் போய் மொண்டு வந்தார்கள். கோயிலுக்குள் மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் மூன்று முகத்தோடு பிரம்மா என மூவரையும் ஒரே வளாகத்தில் கும்பிடலாம். வன்னி இலையைக் கலசத்தில் இட்டுக்கொள்வது இங்குள்ள வழக்கம். அப்படி இட்டால் தண்ணீர் பழனி போய்ச் சேரும்வரை கெடாது என்பது நம்பிக்கை.

உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லும் எனச் சுந்தரர் பாடியது இந்தக் கொடுமுடியில்தான். சந்நிதியில் ஓதுவார் அந்தப் பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். கடைசி மாதங்களில் அப்பாருவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. என் பெயர் போயிற்று, அப்பாவின் பெயர் போயிற்று. ஆத்தாவைப் பார்த்து, "நீங்கள் எந்த ஊர்ங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதும் நடுச்சாமத்தில் விழித்து, "முறை வந்துவிட்டதா? மடையைத் திருப்பியாயிற்றா?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. "ஆயிற்று, படுங்க" என்றால் குழந்தையைப் போலத் தூங்கிவிடுவார். சுந்தரரோடு அவரை ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் பதிகம் முடிகிறவரை என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

கொடுமுடியிலிருந்து முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும்தான் நடை. வழிநெடுகப் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். அப்பாருவின் காலத்தில் கட்டுச்சோறுதானாம். பம்பையும் உடுக்கையும் கேட்டு நடந்த சாலையில் இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்டி, அதன் மேல் ஒலிபெருக்கி. பாட்டு ஓய்கிற இடத்தில்தான் பக்கத்தில் நடப்பவர் முணுமுணுக்கும் "அரோகரா" காதில் விழுகிறது.

தாராபுரத்துக்கு முன்னால் சாலையை விட்டு உள்ளே விலகினால் அப்பாருவின் கடைசித் தங்கை வீடு. அவர் ஒவ்வொரு வருடமும் அங்கே போய்விட்டுத்தான் மேலே நடப்பார். காவடியைத் தரையில் வைக்க விடமாட்டார், வாசல் வேப்பமரத்துக் கிளையில் சாய்த்துக் கட்டுவார். பிறகு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சு வெளியே வரும். அந்த வருடத்து மஞ்சளில் முற்றிய விரலியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது. அண்ணன் சீராகக் கொண்டுவருவது அது ஒன்றுதான் என்றாலும், அந்த மஞ்சளை இடிக்கும்போது தெருவுக்கே கேட்கும்படி இடிப்பாளாம் தங்கை. இந்த முறை முடிச்சை அப்பா கொடுத்தார். கிழவி வாங்கி முகர்ந்துபார்த்து, "நன்றாக வேகவில்லை" என்றாள். உப்புப் போட்ட வெந்நீரில் எங்கள் எல்லாருடைய காலையும் ஊறவைத்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

சண்முக நதியில் குளித்து, மலையடிவாரத்தில் திருஆவினன்குடியைக் கும்பிட்டு, கிரிவீதி சுற்றி, படியேறினோம். ரோப் காரும் விஞ்சும் இருந்தாலும் காவடிக்காரர்களுக்குப் படிதான், அல்லது யானைப் பாதை. பாதி வழியில் இடும்பன் சந்நிதி. அகத்தியருக்காக இரண்டு மலைகளைத் தண்டில் கட்டிச் சுமந்து வந்தவன், காவடிக்கு ஆதி அவன்தான். முருகன் வரம் கொடுத்தபோது, தன்னைப் போலக் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று அவன் கேட்டதாகத் தலபுராணம். இங்கே நின்று மூச்சு வாங்கும்போது ஒருமுறை அப்பாருவிடம், "நீங்கள் என்ன கேட்பீர்கள்?" என்றேன். "கேட்க எங்கே கண்ணு வந்தோம்? வெயில் காலம், அவன் மலை உச்சியில் கோவணத்தோடு நிற்கிறான். தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறோம், அவ்வளவுதான்" என்றார். ஆண்டெல்லாம் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டியவருக்கு ஆண்டவனும் ஒரு பாத்தியாகவே தெரிந்திருக்கிறான். பக்தி என்று நான் படித்த எதிலும் இந்த உரிமையைப் பார்த்ததில்லை.

உச்சியில் கூட்டம் நெரித்தது. வரிசை நகர்ந்து, தீர்த்தத்தைச் செலுத்தி, வெளிப் பிராகாரத்துக்கு வந்து விழுந்தோம். சாயரட்சைக்கு இராஜ அலங்காரம். காலையில் ஆண்டியாக நின்றவன் கிரீடமும் பட்டுமாக நின்றான். சித்தப்பா தேம்பித் தேம்பி அழுதார். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டக் கூடாதென்ற வைராக்கியம் ஒன்றுமில்லை, அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ். தாராபுரத்தில் இறங்கி, பஞ்சாமிர்த டப்பாவோடு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். அப்பாரு பங்கு பிரிக்கிற வரிசையில் தங்கைகள் வீடு முதலில், பிறகு பண்ணையாட்கள், அப்புறம் மாட்டின் நாக்கில் ஒரு விரல், மிச்சம்தான் எங்களுக்கு. கிழவி ஒரு விரல் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு, "என்ன வேண்டிக்கொண்டாய்?" என்று என்னைக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

"அப்படியே அண்ணன் புத்தி. இவ்வளவு தூரம் நடந்து போய் வெறுமனே வந்திருக்கிறீர்களே! மஞ்சள் விலையாவது ஏறட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"