உப்புக் கரைசல் கணக்கு எங்கே சறுக்குகிறது?

20 சதவீத (எடைக்கு எடை) உப்புக் கரைசல், 500 மில்லி. அடர்த்தி மில்லிக்கு 1.148 கிராம். உப்பு எவ்வளவு? சட்டென்று 100 கிராம் என்று எழுதினால் மார்க் போச்சு. சதவீதம் எடைக்குத்தான், மில்லிக்கு இல்லை. முதலில் 500-ஐ 1.148-ஆல் பெருக்குங்கள்: 574 கிராம் கரைசல். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 114.8 கிராம், உப்பு. மீதி 459.2 தண்ணீர்.

நிறையைக் கூட்டலாம், கனஅளவைக் கூட்டவே கூடாது. 90 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால் தராசு 100 காட்டும், அளவுசாடியோ 93 மில்லி சொச்சம்தான் காட்டும்.

காசிமேட்டில் ஒரு லிட்டர் கடல்தண்ணீர் மொண்டால்? அடர்த்தி 1.025, கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், எடை 1,025 கிராம், உப்பு சுமார் 36. ஐப்பசி மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் மொண்டால் இது குறையும்.