ஷாஃப்ட் இன்னும் வரவில்லை

ஜூன் 4

பழைய இன்ஜின் இறங்கிவிட்டது. தொழுவத்து உத்தரத்தில் செயின் பிளாக் கட்டினோம். அண்ணன் ஒரு கையால் சங்கிலியை இழுக்கிறார், மறு கையில் பீடி. பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருக்கிறதே என்றேன். “அது நேற்றே காலி” என்றார்.

கோவாவில் சான் மோட்டார்ஸ் கட்டிய ஸ்டார்ம் கார், உடல் முழுக்க ஃபைபர். உள்ளே ரெனோவின் 1149 சிசி இன்ஜின். வந்து பார்க்கிற எல்லோரும், ரெனோ என்றால் டஸ்டர் உதிரி பொருந்துமே என்கிறார்கள். டஸ்டருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு ஹெட் கேஸ்கெட்டுக்காக ஊர் ஊராகக் கேட்டு அலைந்தது போதும்.

ஜூன் 5

மழை. மெடிக்கல் டெஸ்டுக்குத் திருவனந்தபுரம் போய்வந்தேன்.

ஜூன் 9

மாருதி சுசுகி எஸ்டீமின் இன்ஜின் வந்து சேர்ந்தது. 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். பழையது 60தான். இவ்வளவு லேசான வண்டிக்கு அந்த 25 எதற்கு என்று மாமா கேட்டார். பிரேக்கை யார் பார்ப்பது என்றும் கேட்டார். இரண்டாவது நியாயமான கேள்வி.

இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், இன்ஜினை ஆளும் கணினியான இ.சி.யூ. எல்லாம் இடிபட்ட ஒரே வண்டியிலிருந்து எடுத்தவை. வயரிங்கை வெட்டித் தருகிற இடங்களும் உண்டு, விலை பாதிதான். பிறகு நிறம் பார்த்து ஒவ்வொரு வயராக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எனக்கு எங்கே நாள் இருக்கிறது?

ஜூன் 15

ஷாஃப்ட், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு. இன்று முழுக்க இதே நினைப்பு.

உள்முனை சுசுகி கியர்பாக்ஸில் நுழைய வேண்டும், வெளிமுனை ஸ்டார்மின் சக்கர ஹப்பில். இரண்டின் பல்லும் வேறு. பார்வதிபுரத்தில் ஒருவர், இரண்டையும் பாதியாக வெட்டி நடுவில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்றார், ஒரே நாளில். வெல்டு பிடித்துக்கொள்ளும், பக்கத்து இரும்புதான் சூட்டில் பதம் கெடும். முறிந்தால் அங்கே முறியும், அதுவும் ஓடுகிறபோது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கோவையில் இ.என். 24 இரும்பில் கடைந்து, இரண்டு முனையிலும் அந்தந்தப் பல் வெட்டி, பதம் ஏற்றித் தருகிறார்கள். அளவைச் சரியாக அனுப்பினால் போதுமாம். போதுமாம்! ஜாக்கியில் தொங்கும்போது ஓர் அளவு, சக்கரம் தரையில் நிற்கும்போது ஓர் அளவு, குழியில் இறங்கிச் சக்கரம் மேலே ஏறும்போது இன்னோர் அளவு. நீளம் கூடினால் கியர்பாக்ஸை உள்ளே இடிக்கும். குறைந்தால் ஜாயின்ட் கழன்று வெளியே வரும்.

ஜூன் 16

இடது, தரையில்: மறுபடி அளந்தேன். அதே அளவு. நல்லது.

ஜூன் 23

குளச்சல். மேற்குக் கரையில் ஜூலை 31 வரை தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன, ஃபைபர் வேலை தெரிந்தவர்களைப் பிடிப்பது லேசில்லை. பிடித்தேன். பெரியவர் பானெட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். “இது வள்ளம்தானே மக்களே, சக்கரம் வைத்திருக்கிறார்கள்” என்றார்.

புதிய இன்ஜினின் ஏர் ஃபில்டர் பானெட்டில் இடிக்கிறது, அங்கே கொஞ்சம் உயர்த்த வேண்டும். பழைய விரிசல் ஒன்றும் உண்டு. விரிசலின் இரு கரையையும் சரிவாகத் தேய்த்தார். சிறிய ஃபைபர் மேட் துண்டு முதலில், அதன்மேல் பெரியது, அதற்கும் மேல் அதைவிடப் பெரியது, பிரஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினார். ரெசினில் முதலில் சீக்கிரம் இறுகவைக்கும் கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர். இரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும் என்று சொல்லி, இரண்டு பாட்டிலையும் தார்ப்பாயின் எதிர் மூலைகளில் வைத்திருந்தார்.

ஈரக்காற்றில் காயத் தாமதமாகிறது. நகத்தால் கீறிப் பார்த்தார், ஒட்டியது. நாளை வரச் சொன்னார்.

ஜூன் 24

ஒட்டவில்லை. பணம் வாங்கும்போது “எப்போது கிளம்புகிறாய்?” என்று கேட்டார். இவருக்கு யார் சொன்னது?

ஜூலை 2

மாமா சட்டம் பேசினார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வேறு கம்பெனி இன்ஜினை ஆர்.சி.யில் ஏற்றுவது நடக்கிற காரியமா? தெரிந்துதான் தொடங்கினேன். தார்ச்சாலையில் ஏற்றப்போவதில்லை. மாமாவின் தோட்டத்தில், ரப்பர் வரிசைகளுக்கு நடுவே புகைக்கூடு வரை நல்ல செம்மண் பாதை இருக்கிறது.

“அரைக் கிலோமீட்டருக்கா இத்தனை செலவு?”

ஆமாம்.

ஜூலை 3

ஷாஃப்ட் வரவில்லை.

ஜூலை 11

தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கு டார்ச்சுடன் தொழுவத்தில். என் குறிப்பில் உள்ள வலப்பக்க அளவுக்கும் அண்ணன் சுவரில் கரியால் எழுதியதற்கும் 4 மி.மீ. வித்தியாசம். விடிந்ததும் கேட்டேன். அவருடையது ஜாக்கியில் எடுத்ததாம். கோவைக்குப் போனது என்னுடையது. இருந்தாலும்.

அம்மா சாப்பிடும்போது எதுவும் பேசவில்லை.

ஜூலை 16

நாளை ஆடி பிறக்கிறது, எதைத் தொடங்குவதானாலும் இன்றே என்றாள் அம்மா. ஸ்டார்ட் செய்தோம்! ஷாஃப்ட் இல்லாவிட்டால் கியர் ஆயில் இரு பக்கமும் கொட்டிவிடும். எஸ்டீமின் பழைய உள்முனைகளைச் செருகி அடைத்தார் அண்ணன். சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது. இன்னும் அரைத் திருப்பு, பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு அணைந்தது. கோழிகள் எல்லாம் வேலிக்கு அப்பால். அம்மா வாசலில் நின்று, காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது.

ஜூலை 19

விசா வந்துவிட்டது.

ஜூலை 20

கோவைக்குப் போன் செய்தேன். பதம் ஏற்றப் போயிருக்கிறதாம். இதைத்தான் போன வாரமும் சொன்னார்கள். கத்திவிட்டேன்.

ஜூலை 25

வந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றி, இரண்டும். இடப்பக்கம் ஹப்பில் வழுக்கிக்கொண்டு போய், உள்ளே சர்க்ளிப், அதாவது பூட்டு வளையம், ‘டிக்’ என்று விழுந்தது. ஆள் ஏறி உட்கார்ந்து குலுக்கியும் பார்த்தோம், எங்கும் இடிக்கவில்லை. வலப்பக்கம் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

டிக்கெட் 29ஆம் தேதிக்கு.

ஜூலை 26

ஜாயின்டுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் வேண்டும். தக்கலையில் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் இருக்கிறதாம், ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அண்ணன் பைக்கை எடுத்துவிட்டார், நானும் போகிறேன்.