அஜிமுஷ்கையின் சுவர்கள்

நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றோட்டப் பொறுப்பு என்னுடையது. காற்று எந்த வழியாக வருகிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை. அதனாலோ என்னவோ, கிரிமியாவின் அஜிமுஷ்கை கல்குவாரி முற்றுகையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் சண்டைகளைவிட அங்கே எழுப்பிய சுவர்கள்தான் என் மனதில் நிற்கின்றன.

1942 மே மாதம் கெர்ச் நகரம் ஜெர்மானியர் வசமானது. நீரிணையைக் கடந்து பின்வாங்கிய படைகளுக்குக் காவலாக நின்ற சோவியத் வீரர்களும் ஊர் மக்களுமாக, பத்தாயிரம் பேருக்கு மேல் அந்தச் சுண்ணாம்புக்கல் குடைவுகளுக்குள் சிக்கிக்கொண்டார்கள். பெரிய குவாரியில் கர்னல் பாவெல் யகுனோவ் தலைமை. மாதக் கடைசியில் ஜெர்மானியர் விட்ட நச்சுப்புகை உள்ளே வரத் தொடங்கியது.

புகை புகாமலிருக்க, முட்டுச்சந்துகளுக்குள் ஒதுங்கி, அவற்றை வெட்டுக்கல் வைத்து அடைத்தார்கள். நாங்கள் செய்வதும் அதேதான். பழைய கேலரியை, அதாவது பயன்படாத சுரங்கப்பாதையை, செங்கல்லால் மூடி, விளிம்பெல்லாம் பூசியபின், கசிவைக் காட்டப் புகைவிடும் சிறு குழாயை அழுத்திப் பார்ப்போம். கூரைப்பாறையும் சுவரும் சேரும் மூலையில் வெள்ளைப்புகை நூல்போல உள்ளே இழுபடும். எத்தனை முறை பூசினாலும் அந்த மூலை சண்டித்தனம் பண்ணும். விளக்கும் சிமென்டும் அவகாசமும் இருக்கும் எங்களுக்கே இந்தப் பாடு. அவர்கள் இருட்டில், இருமிக்கொண்டே கட்டினார்கள்.

சரி, சுவர் நன்றாக அமைந்தால்? அடைபட்ட காற்று தீர்ந்துகொண்டே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். எங்கள் விதிப்படி ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கே ஆட்களை வைத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு வெளியேற வழி ஏது? வெளிச்சத்துக்கு எரித்த டயர் ரப்பரும் அதே காற்றைத்தான் குடித்தது.

கிணறுகள் வெளியே, எதிரியின் குண்டு பாயும் இடத்தில் இருந்தன. கூரையில் கசிந்த சொட்டுகளைச் சேர்த்தார்கள், ஈரப்பாறையில் வாய் வைத்து உறிஞ்சினார்கள். அப்புறம் உள்ளேயே பாறையை வெட்டிக் கிணறு தோண்டினார்கள். மேலே வெடிவைத்துக் கூரையை இடித்துக்கொண்டிருந்த நிலையில், அரை வயிறுகூட நிறையாதவர்கள் செய்த வேலை அது. ஜூலையில் யகுனோவ் இறந்த பிறகும் அக்டோபர் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள்.

புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இதை அவசியம் சொல்கிறேன். "புகை வருகிறது, சுவரை எங்கே வைப்பாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் வாசலைக் காட்டுவார்கள். வாசலில் வைத்தால் எதிரி ஒரே வெடியில் தகர்த்துவிடுவான். தள்ளி உள்ளே, வழி குறுகும் இடத்தில், பின்னால் அகன்ற குடைவு இருக்கும்படி வைக்க வேண்டும். கட்டும் சுவர் சிறியது, உள்ளே மிஞ்சும் காற்று அதிகம்.