அப்பாவின் குரலைப் பதிந்து வைத்த கதை

அப்பாவுக்கு வந்தது மோட்டார் நியூரான் நோய். தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துபோகும் நோய். அதிலும் நாக்கு, தொண்டைத் தசைகளை முதலில் பிடிக்கிற பல்பர் வகை. பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்ததுமே பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிவிட்டார்: "பதியணும்னா இப்பவே பதிஞ்சிருங்க. தள்ளிப்போட்டா குழறலும் சேர்ந்துதான் பதியும்."

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று வாய்ஸ் பேங்கிங். கொடுத்த வாக்கியங்களை வாசித்தால், பிறகு எதை டைப் செய்தாலும் கருவி நம் குரலில் பேசும். ஐபோனில் 2023இல் வந்த பர்சனல் வாய்ஸ் இந்த வகை. ஆனால் அது ஆங்கிலத்தில்தான் வந்தது. திருநெல்வேலியில் அப்பா யாரோடு ஆங்கிலத்தில் பேசப் போகிறார்? இன்னொன்று மெசேஜ் பேங்கிங். அவர் வழக்கமாகச் சொல்வதை அப்படியே பதிந்து, வேண்டும்போது பொத்தானை அழுத்தி ஒலிக்க விடுவது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் காஸ்டெல்லோ வளர்த்தெடுத்த முறை இது. எங்களுக்கு இதுதான் சரிப்பட்டது.

"தண்ணீர் வேண்டும்", "வலிக்கிறது" என்று ஒரு பட்டியல் கிடைத்தது. தாளைக் கையில் வாங்கியதும் அப்பா வானொலிச் செய்தி வாசிப்பவர் ஆகிவிட்டார். பேச்சு வழக்கிலேயே எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. சரி என்று தாளை எடுத்துவிட்டு, ஆட்களை எதிரே உட்கார வைத்தோம். பேரனுக்கு "ஏல, செருப்ப எங்கல போட்ட?", அம்மாவுக்கு "ஏளா, காப்பில சீனி போட்டியா?", நண்பருக்கு "வாரும்வே, இரியும்". அவர் குரல் அதில்தான் இருந்தது. சிரிப்பு, செருமல்கூட விடவில்லை.

காலையில்தான் பதிந்தோம், சாயங்காலம் சோர்வில் குழறல் கூடிவிடும். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிடுவோம். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனி வேவ் (WAV) ஒலிக்கோப்பு, சொன்ன வாக்கியமே கோப்பின் பெயர். இல்லாவிட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.

மீதிப் பதிவுகளை வைத்துத் தம்பி ஒரு ஏஐ குரலும் செய்து பார்த்தான். புதுசாக எதை எழுதினாலும் அது பேசும். குரல் அப்பாவுடையது, பேச்சில் அவருடைய இழுவை மட்டும் இல்லை. கேட்டுவிட்டு அப்பா சிலேட்டில் எழுதினார்: "பேங்குக்காரன்ட்ட இவன் பேசட்டும். ஒங்க அம்மைய நானே ஏசிக்கிடுதேன்."