அம்மாவின் முழங்காலும் மினிக்காயும்

லட்சத்தீவு போவதென்று முடிவானதும் நான் செய்த முதல் தப்பு, தீவை முதலில் தேர்ந்தெடுத்தது. மினிக்காய். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. மற்ற தீவுகளில் மலையாளத்தின் ஒரு வழக்கைப் பேசுகிறார்கள். இங்கே மட்டும் மாலத்தீவு மொழிக்கு உறவான மஹல். படித்துப் படித்தே பாதி போய்வந்துவிட்டேன்.

வரைபடத்தை விரித்துவைத்து அம்மாவுக்குக் காட்டினேன். மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் ஆள் வசிப்பது 10 தீவுகள்தான். மினிக்காய், மற்ற தீவுகளின் கூட்டத்திலிருந்து விலகி, 200 கிலோமீட்டர் தெற்கே தனியாகக் கிடக்கிறது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுல இருந்து அதுக்கு எதுலடா போறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

விசாரித்ததில் புரிந்தது: அங்கே நாம் தீவைத் தேர்ந்தெடுப்பதில்லை, கப்பல் அட்டவணைதான் தேர்ந்தெடுக்கிறது. கொச்சியிலிருந்து கிளம்பும் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவைத் தொடுகிறதோ அதற்குள்தான் நம் விடுமுறையை மடிக்க வேண்டும். சரி, மடிக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் ஒரு வீடியோ பார்த்தோம். தீவைச் சுற்றி ஆழம் குறைவு, பவளப்பாறை வேறு. அதனால் பல இடங்களில் கப்பல் வெளியிலேயே நின்றுவிடும். பயணிகள் சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்கு வர வேண்டும். படகு ஒரு அலைக்கு ஏறுகிறது, அடுத்த அலைக்கு இறங்குகிறது. அது மேலே வரும் அந்த ஒரு நொடியில் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். மினிக்காய் அங்கேயே முடிந்தது.

மிச்சம் இருந்தது, விமானம் இறங்கும் தீவான அகத்தி. கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். ஓடுபாதை சின்னது, விமானமும் சின்னது.

முதலில் மே கடைசி வாரத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் அது; கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு போகும் படகு ஓடாது. ஜனவரிக்கு மாற்றினோம். பக்கத்துத் தீவான பங்காரத்துக்கு ஒரு நாள் படகில் போய்வருவதாகத் திட்டம். அங்கே குடும்பம் குடித்தனம் என்று யாரும் கிடையாது, விடுதியும் தென்னையும்தான். தீவுகளில் மதுவிலக்கு, பங்காரத்துக்கு மட்டும் விலக்கு என்று மச்சானிடம் சொன்னேன். "அங்க ஒரு நாள்தானா?" என்றவருக்கு மறுநாளே ஆபீசில் அவசர வேலை முளைத்துவிட்டது.

அனுமதிச் சீட்டு பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியராகவே இருந்தாலும் அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எந்தெந்தத் தீவு என்பதையும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த முகவர், அம்மாவின் இனிஷியலை விட்டுவிட்டார். ஆதாரில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர், அனுமதியில் ஒரு பெயர். நம்மூர் இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது எந்தப் படிவத்துக்கும் புரிந்ததில்லை. திருத்தி வாங்கப் பத்து நாள் போயிற்று. போகிறவர்கள் பயணச்சீட்டு எடுக்கும்போதே ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

மனைவிக்கு ஸ்கூபா டைவிங் ஆசை. கடைசி நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கூடாதாம். ஆழத்தில் மூச்சு விடும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் குமிழியாகி ஆபத்து. பல முறை முங்கினால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆக, டைவிங் இரண்டாம் நாளுக்கு வந்தது, பங்காரம் மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போனது. பேரனுக்குப் பவளத்துண்டு பொறுக்கி வரலாம் என்றிருந்த அம்மாவிடம், அது சட்டப்படி குற்றம் என்று சொல்லிவைத்தேன்.

நேற்று இரவு பெட்டி கட்டினோம். விமானத்தில் எடைக்கு வரம்பு உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்; என் எடையைக் கழித்துப் பார்த்தால் மூன்று கிலோ அதிகம். அம்மாவின் மூட்டுவலித் தைலம் மட்டும் இரண்டு பாட்டில். ஒன்றை எடுத்து வெளியே வைத்தேன். அவர் பேசாமல் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, என் ஷூவை எடுத்து வெளியே போட்டார்.