பார்த்தால் நிற்கும், திரும்பினால் நகரும்: பார்வையை விதியாக்கும் கேம்கள்

எதிரியின் கண்ணில் பட்டால்தான் அது துரத்தும். நாம் பார்க்காத நேரத்தில்தான் சிலை நகரும். படை நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டுமே மேப் தெரியும். மூன்றும் வேறு வேறு கேம்கள், ஆனால் உள்ளே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: தெரிகிறதா? கேமின் நிரல் அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும். ஆடுபவருக்கோ ‘லேசாகத் தெரிந்தது’, ‘நிழல் தெரிந்தது’ என்றெல்லாம் நடுவே பல படிகள் உண்டு. இந்த மெக்கானிக் (ஆட்ட விதி) பெரும்பாலும் சொதப்புவது அந்த நடுவில்தான்.

எதிரியின் பார்வையை முதலில் எடுத்துக்கொள்வோம். தூரம், கோணம், மறைப்பு என்ற வரிசையிலேயே சோதிக்க வேண்டும். முதல் இரண்டும் சில பெருக்கல்களில் முடிந்துவிடும், நடுவே தடை இருக்கிறதா என்று ஒரு நேர்கோட்டை (ரே) விட்டுப் பார்க்கும் ரேகாஸ்ட்தான் செலவு. பார்வைக் கூம்பு, அதாவது எதிரிக்குத் தெரியும் கோணம், 120 டிகிரி என்றால் எதிரி பார்க்கும் திசை, ஆடுபவர் இருக்கும் திசை ஆகிய இரு வெக்டர்களின் டாட் பிராடக்டை (அவற்றின் இடைக்கோணத்தின் கொசைனை) 60 டிகிரியின் கொசைனோடு, அதாவது 0.5 உடன் ஒப்பிட வேண்டும். பாதியாக்க மறந்து 120-இன் கொசைனைப் போட்டால் −0.5 வரும். எதிரிக்கு 240 டிகிரி பார்வை கிடைத்துவிடும், தோளுக்குப் பின்னால் ஒதுங்கிப் போகிறவரும் மாட்டிக்கொள்வார். அந்த இரண்டு வெக்டரையும் நார்மலைஸ் செய்யாமல் (நீளத்தை 1 ஆக்காமல்) விட்டாலும் இதே குழப்பம்தான்.

ஒரே ஒரு ரே விடுவது அடுத்த தவறு. கேரக்டரின் பிவட், அதாவது அதன் இருப்பிடமாகக் கணக்கிடப்படும் புள்ளி, பெரும்பாலும் காலடியில் இருக்கும். அதைக் குறிவைத்த ரே தரையிலோ சின்னக் கல்லிலோ முட்டி நின்றுவிட, எதிரே நிற்பவரே ‘தெரியாமல்’ போவார். தலை, மார்பு, இரு தோள், இடுப்பு என ஐந்து புள்ளிகளுக்கு விடுங்கள். எத்தனை ரே தடையின்றிச் சேர்ந்தது என்பதை வைத்து எதிரியின் சந்தேக மீட்டர் (நிரம்பினால் மாட்டிக்கொண்டோம்) நிரம்பும் வேகத்தை வையுங்கள். ஐந்தும் சேர்ந்தால் அரை விநாடியில் நிரம்பட்டும், ஒன்று மட்டும் என்றால் இரண்டரை விநாடி ஆகட்டும். அந்த நிலை ஆடுபவருக்கும் தெரிய வேண்டும். 1998-இல் வந்த ‘தீஃப்’ கேமில் திரையின் அடியில் இருக்கும் ஒளிக்கல் அந்த வேலையைத்தான் செய்தது: எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறோம் என்று எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபக்கம், ஆடுபவரின் பார்வையே விதியாகும் வகை. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’-இல் (1988) வரும் ‘பூ’ (Boo) என்ற பேய்க்கு மரியோ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பது மட்டும் போதும். முப்பரிமாணத்தில் அது போதாது. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், பொருள் தெரிகிறதா என்று சொல்ல பலர் நம்பிவிடும் ரெண்டரர் இஸ்விசிபிள் (Renderer.isVisible), நிழலுக்காக மட்டும் வரையப்படும் பொருளுக்கும் ‘ஆம்’ என்றே சொல்லும். எடிட்டரில், உருவாக்குபவர் காட்சியைப் பார்க்கும் சீன் வியூ கேமராவையும் கணக்கில் சேர்க்கும். அதனால் எடிட்டரில் சிலை அசையவே அசையாது, பில்டில் (தனியே இயங்கும் முடிந்த கேமில்) திடீரென்று ஓடும். கேமராவுக்குத் தெரியும் பகுதியின் எல்லைகளான ஃப்ரஸ்டம் தளங்களோடு, சிலையைச் சுற்றிய பெட்டியான பவுண்டிங் பாக்ஸைச் சோதித்து, உள்ளே இருந்தால் மட்டும் ரே விடுவதே நம்பகமான வழி.

எதிரிக்கு நாம் லேசாகத் தெரிந்தால் பொறுத்தோம், சிலை விஷயத்தில் தாராளம் எதிர்த்திசையில் வேண்டும். ஒரு விரல்நுனி தெரிந்தாலும் அந்த ஃப்ரேமிலேயே (திரையில் வரையப்படும் அந்த ஒரு படத்திலேயே) சிலை உறைய வேண்டும். மறைந்த பிறகு 0.2 விநாடி பொறுத்துத்தான் நகர வேண்டும். இல்லாவிட்டால் தூணின் ஓரத்தில் கை வழுக்குவது கண்ணில் படும், பயம் அங்கேயே செத்துவிடும். சிலை திரைக்கு வெளியே இருந்தும் அதன் நிழல் தரையில் நகர்ந்தால், ஆடுபவர் அதையும் ‘பார்த்தேன்’ என்றுதான் கணக்கு வைப்பார். ஆகவே நிழல் விழும் இடத்தையும் சோதியுங்கள், அல்லது அந்த விளக்குக்கு நிழலை அணைத்துவிடுங்கள். பலர் மறப்பது போய்ச் சேரும் இடத்தை. இப்போது நிற்கும் இடம் மறைவாக இருந்தால் போதாது, அடுத்து நிற்கப்போகும் இடமும் மறைவாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்காவிட்டால் வெறுமையான மூலையில் கண்ணெதிரே சிலை முளைக்கும்.

திரை அகலத்தையும் கவனியுங்கள். கேமராவின் செங்குத்துப் பார்வைக் கோணம் 60 டிகிரி என்றால் 16:9 திரையில் கிடைமட்டம் ஏறக்குறைய 91 டிகிரி, 21:9-இல் 107. தனியாள் ஆட்டத்தில் உண்மையான திரையையே கணக்கில் எடுங்கள். போட்டி ஆட்டத்தில் கோணத்துக்கு உச்சவரம்பு வையுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. 30 எதிரிகள், ஆளுக்கு 5 ரே, விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 9,000 ரே. எதிரியின் பார்வையை விநாடிக்குப் பத்து முறை, வேறு வேறு ஃப்ரேமில் சோதித்தால் 1,500 ஆகிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சிலைக்கு மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது, அதை ஒவ்வொரு ஃப்ரேமும் பார்த்தே ஆக வேண்டும்.

கட்டம் போட்ட, மாறி மாறி ஆடும் டர்ன் கேமில் வேறொரு சிக்கல். இரு கட்டங்களுக்கு இடையே எந்தக் கட்டங்கள் வழியாகக் கோடு போகும் என்று கணக்கிடும் முறையான பிரெசன்ஹாம் கோடு ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போகும்போது தொடும் கட்டங்களும் திரும்பி வரும்போது தொடும் கட்டங்களும் சில நேரம் மாறும். நான் உங்களைச் சுடலாம், நீங்கள் என்னைச் சுட முடியாது என்றாகிவிடும். எப்போதும் சிறிய ஆயத்தொலை உள்ள முனையிலிருந்தே கோட்டைத் தொடங்கினால் இரு தரப்புக்கும் ஒரே விடை வரும்.