எந்தக் கண்ணால் பார்க்கிறாய்?

மார்ச் 3, ஞாயிறு

பேத்திக்குப் பதினொரு வயது. துப்பாக்கி சுடக் கற்றுக்கொடு என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். இன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவள் வயதில் என் அப்பா என் கையில் பன்னிரண்டு போர் (12 bore) ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்து, "தோளில் அழுத்திப் பிடி, சுடு" என்றார். பாடம் அவ்வளவுதான். சுட்டேன், பின்னால் போய் விழுந்தேன், சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தேன். தோள் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போய்க் கிடந்தது. அது ஆறிவிட்டது, ஆனால் விசையை இழுக்கிற நொடியில் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை வெடுக்கென்று கீழே அமுக்கும் பழக்கம் மட்டும் பல வருடம் போகவே இல்லை. கடைசியில் ஒரு நண்பன், எனக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் செருகிக் கொடுத்தான். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் குழல் வாய் ஒரு சாண் கீழே இறங்கியது. அன்றைக்குத்தான் என் வியாதி என் கண்ணுக்கே தெரிந்தது.

ஆகவே இவளுக்குக் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள்தான். 4.5 மி.மீ. ஈயக் குண்டு, உதை கிடையாது என்றே சொல்லலாம், சத்தமும் குறைவு. தோளில் வைக்கும் பின்பகுதியான கட்டையின் அடியை அவள் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தேன், விரல் விசையைத் தொடவில்லை. கட்டை நீளம். குழந்தைகளுக்கென்று வரும் குட்டைக் கட்டை வாங்க வேண்டும். அப்பா இதையெல்லாம் பார்த்திருந்தால் "கல்யாணப் புடவையா எடுக்கிறாய்?" என்று கேட்டிருப்பார்.

மார்ச் 9, சனி

ஒரு வாரமாகத் துப்பாக்கியையே கையில் கொடுக்கவில்லை. துடைப்பக் கட்டைதான் துப்பாக்கி. வீடு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அதன் முனை ஒரு ஆள் பக்கம் திரும்பினால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. முதல் நாள் மூன்று நிமிடம் தாங்கினாள். அவள் தம்பி வேண்டுமென்றே குறுக்கே ஓடி ஓடி அவளைத் தோற்கடித்தான், அதற்காக அவனைத் திட்டவில்லை. காட்டிலும் அப்படித்தான் யாராவது குறுக்கே வருவார்கள்.

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகளைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை. அழிக்க மனமில்லாத எதன் மீதும் குழல் வாயைத் திருப்பாதே. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு. என் அப்பாவிடம் முதல் விதி மட்டும் இருந்தது, அதையும் அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்.

நான்காவது விதிதான் பிள்ளைகளின் மண்டையில் ஏற மறுக்கிறது. குண்டு இலக்கு அட்டையில் பட்டதும் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். சின்ன .22 அங்குலத் தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகும் என்றேன். "நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கா?" என்று கேட்டாள். ஆமாம், அதுதான் விஷயம்.

மார்ச் 10, ஞாயிறு

முதல் சூடு. பத்து மீட்டர், மணல் நிரப்பிய பெட்டிக்கு முன்னால் அட்டை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்க அவளுக்குப் பலம் போதாது, அதை நான் செய்தேன். குண்டு போடும்போது மடங்கிய குழலை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் படக்கென்று மூடி விரலை நசுக்கிவிடும். குண்டில்லாமல் வெறுமனே சுடவும் கூடாது, முன்னால் அழுத்தம் தாங்கக் காற்று நிற்காமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும். தம்பிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுப் பின்னால் உட்கார வைத்தேன்.

இருபது குண்டில் அட்டையில் பட்டது நான்கு. நான்கும் இடது ஓரம். மற்றதெல்லாம் அதற்கும் இடப்பக்கம் மணலில். அவள் கழுத்தை வளைத்து, கட்டைக்கு மேலே தலையைக் கொண்டுபோய், ஒரு மாதிரி கோணிக்கொண்டே குறி பார்த்தாள். "நேராகப் பிடி, தலையை ஆட்டாதே, கவனம் எங்கே இருக்கிறது?" என்று கத்திவிட்டேன்.

முடிந்ததும் இரண்டு பேரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். ஈயம் பிள்ளைகளுக்கு ஆகாது. அவள் பேசாமல் கழுவினாள். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

மார்ச் 16, சனி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை மட்டும் விட்டு, அதன் வழியாக இரண்டு கண்ணையும் திறந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அப்படியே கையை முகத்தை நோக்கிக் கொண்டுவந்தால், ஓட்டை எந்தக் கண்ணில் போய் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண், குறி பார்க்கும்போது முந்திக்கொள்கிற கண். இவளுக்கு இடது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை, பார்ப்பது மட்டும் இடது கண். வலது தோளில் கட்டையை வைத்து இடது கண்ணால் குழல் நுனியில் இருக்கும் முன்குறியை இலக்கோடு சேர்த்தால் குழல் இடப்பக்கம்தான் பார்க்கும். கழுத்தை வளைத்தது திமிரில் இல்லை, கண் தேடியது.

தம்பிக்கு வலது, எனக்கும் வலது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மகனும் சும்மா கையை நீட்டிப் பார்த்தான்.

இடது.

அவன் பதின்மூன்று வயதில் துப்பாக்கியைத் தொடுவதை விட்டவன். நான்தான், "உனக்கெல்லாம் இது கைவராது, விட்டுவிடு" என்றேன். முப்பது வருடம் ஆகிறது. அவன் கையைக் கீழே இறக்கிவிட்டு, "ஓ" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டான்.

மார்ச் 24, ஞாயிறு

இன்றைக்குத் துப்பாக்கி இல்லாமல் காட்டுக்கு, பேத்தியும் நானும் மட்டும். வேட்டைப் பருவமும் இல்லை, அனுமதிச் சீட்டு எடுக்கும் எண்ணமும் இல்லை. அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததில் சுத்தமான பகுதி இதுதான், இதில் எதையும் கழிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பவுடரைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது, வெயில் ஏற ஏற சரிவில் காற்று மேலே ஏறும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும், அதனால் காலையில் மேலேயிருந்து வருவதும் மாலையில் கீழேயிருந்து வருவதும் நல்லது என்பது. குளம்புத் தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதுசு, உதிர்ந்திருந்தால் பழசு. ஒரு தடத்தின் முன்னால் அரை மணி நேரம் குந்தியிருந்தோம்.

"சுட்டவுடனே அது செத்துவிடுமா தாத்தா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இல்லை என்றேன். நெஞ்சில் பட்டாலும் கொஞ்ச தூரம் ஓடும். நுரையீரலில் பட்டால் இரத்தம் வெளிர்சிவப்பாக நுரையோடு இருக்கும், ஈரலில் பட்டால் கரும்சிவப்பு, குடலில் பட்டால் பச்சையாகச் சாணி கலந்து வரும், அப்படி வந்தால் உடனே துரத்தாமல் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், துரத்தினால் அது வலியோடு இன்னும் தூரம் போய்விடும். நான் ஒரு முறை அவசரப்பட்டுத் துரத்தினேன். அந்த மான் கிடைக்கவே இல்லை. இதை என் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அட்டை மட்டும் சுட்டால் போதுமா?" என்றாள். போதும் என்றேன். எனக்கு வருத்தமா என்றால், கொஞ்சம் வருத்தம்தான்.

ஏப்ரல் 6, சனி

இடது தோளுக்கு மாற்றி மூன்று வாரம். முதல் வாரம் கை குழம்பியது, பிறகு பழகிவிட்டது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, ஏழெட்டு நொடிக்குள் சுடு, முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கி மறுபடி ஆரம்பி என்று சொல்லியிருந்தேன். இன்றைக்கு மூன்று முறை அவளாகவே இறக்கினாள். பத்துக் குண்டில் ஒன்பது அட்டையின் நடுக் கறுப்பு வட்டத்துக்குள்.

கடைசி அட்டையின்போது மகன் வந்தான். எதுவும் பேசவில்லை, அவளிடம் கையை நீட்டினான். இடது தோளில் கட்டையை வைத்தான். உடனே இவள், "அப்பா, விரலை வெளியே வை. இன்னும் குறி பார்க்கவே இல்லை நீ" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு இடது காது மந்தம், காதை மூடாமலே சுட்டு வாங்கிய இரைச்சல் நாற்பது வருடமாக அதற்குள் ஓடுகிறது, இருந்தும் அவள் சொன்னது நன்றாகவே கேட்டது. அவன் விரலை வெளியே எடுத்தான்.

ஐந்து சுட்டான். எங்கே பட்டது என்று எழுதப்போவதில்லை, அது அவன் அட்டை.

அப்பாவின் பன்னிரண்டு போரின் கட்டை வலது தோளுக்கென்று லேசாக வளைத்துச் செய்தது, இந்த இரண்டு பேருக்குமே உதவாது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டிக்குள் பூட்டினேன். தம்பிக்கு வலது கண்தான், ஆனால் அவனுக்கு இன்னும் துடைப்பக் கட்டையே முடியவில்லை. குண்டு டப்பா காலி, அட்டையும் இரண்டுதான் மிச்சம், அடுத்த சனிக்குள் வாங்க வேண்டும்.